சொந்த மண் இல்லாதவர் வரைந்த மலைகள்

1913ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாச் சட்டசபை நிறைவேற்றிய நிலச் சட்டம், அமெரிக்கப் பிரஜையாவதற்கு அருகதையற்றவர்கள் என்று குடியுரிமைச் சட்டம் ஒதுக்கி வைத்திருந்த அந்நியர் எவரும் அந்த மாகாணத்தில் விளைநிலத்தைச் சொந்தமாக்கிக் கொள்ளலாகாது என்று விதித்தது. எந்த ஜாதியாரின் பெயரும் அதில் எழுதப்படவில்லையாயினும், ஜப்பானியரைக் குறிவைத்தே அது இயற்றப்பட்டதென்பதை அன்று அறியாதார் இல்லை. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், 1864ஆம் வருஷம் ஜூன் 30ஆம் தேதி ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட வேறொரு சட்டம், அதே கலிஃபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கையும் மாரிப்போசாவின் செக்கோயாப் பெருமரத் தோப்பையும் எவருக்கும் விற்காமல் பொது ஜனங்களின் உபயோகத்துக்கென்றே என்றென்றைக்கும் காத்து வரவேண்டுமென்ற நிபந்தனையோடு மாகாணத்திடம் ஒப்படைத்திருந்தது. முதற் சட்டத்தால் ஒரு காணி நிலமும் மறுக்கப்பட்ட ஒரு மனிதர், இரண்டாம் சட்டம் திறந்து வைத்த மலைகளுக்குள் தூரிகையோடு புகுந்து, அவற்றை வேறு யாரும் அதுவரை காணாத விதமாகக் கண்டு வந்தார். சியூரா ஒபாட்டா என்பது அவர் பெயர். பூங்காவில் அமர்ந்து நீர்வர்ணம் தீட்டும் வழக்கத்தின் கலிஃபோர்னியச் சரித்திரத்தை அவரை விட்டுவிட்டுச் சொல்ல இயலாது என்பது என் அபிப்பிராயம்.

இன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பிரதேசத்தின் பெரிய பூங்காக்களில் விடுமுறைக் காலை வேளையில் உலாவுகிறவர்கள், மடக்கு நாற்காலியில் அமர்ந்து, மடிமேல் ஒரு பலகையும் காலடியில் ஒரு தண்ணீர்க் குப்பியுமாக மரத்தையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்து வர்ணம் பூசிக்கொண்டிருப்பவர்களைக் காணலாம். எளிய காட்சிதான், ஆனால் இரண்டு தூரதேசத்துப் பழக்கங்கள் ஒன்று கலந்ததன் பயன் அது. ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் வில்லியம் ரீவ்ஸ் நீர்வர்ணத்தைக் கையடக்கமான வில்லைகளாகச் செய்து விற்கத் தொடங்கினார்; 1846இல் வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனியார் அதையே உலோகக் குழாய்களில் அடைத்துத் தந்தனர்; அதனால் சித்திரக்காரன் கல்வமும் குழவியும் சுமந்து திரியும் கஷ்டம் ஒழிந்து, சட்டைப் பைக்குள் ஒரு வர்ணப் பெட்டியோடு காடு மலைகளுக்குப் புறப்படலானான். மதுரைக்கும் தஞ்சைக்கும் 1792இல் பிரயாணம் வந்து கோபுரங்களைப் பார்த்துப் படமெழுதிய தாமஸ் டானியல், வில்லியம் டானியல் என்னும் சிற்றப்பனும் அண்ணன் மகனும் இந்தப் பழக்கத்தின் வழிவந்தவர்களே. அமெரிக்காவில் இதே பழக்கம் ராஜ்ய காரியத்துக்கும் உதவிற்று. 1871இல் ஹேடன் என்னும் பூகர்ப்ப சாஸ்திரியின் குழுவோடு யெல்லோஸ்டோன் பிரதேசத்துக்குச் சென்ற தாமஸ் மோரன் அங்கே தீட்டிய நீர்வர்ணச் சித்திரங்களும், உடன் சென்ற வில்லியம் ஹென்றி ஜாக்ஸனின் புகைப்படங்களும் வாஷிங்டனில் காங்கிரஸ் அங்கத்தினர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. கொதிக்கும் ஊற்றுகளும் மஞ்சட் பாறைகளும் பிரயாணிகளின் கற்பனையல்ல என்று நிச்சயமான பின், 1872 மார்ச் 1ஆம் தேதி உலகின் முதல் தேசியப் பூங்கா சட்டமாயிற்று. வர்ணம் ஏற்றிய காகிதங்கள் ஒரு வனத்தைக் காப்பதற்குச் சாட்சி சொல்லிய சந்தர்ப்பங்கள் சரித்திரத்தில் அதிகமில்லை.

பொது நிலம் யாருக்கு உரியது என்ற கேள்வியை அப்போதே தெளிவாக எழுப்பியவர் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வகுத்த அவர், யோசெமிட்டிக் கமிஷனின் தலைவராக இருந்து 1865இல் எழுதிய அறிக்கையில், இயற்கையின் சௌந்தர்யத்தை அனுபவிக்கும் வசதியைத் தனவந்தர்கள் தங்கள் தோட்டச் சுவர்களுக்குள் அடைத்துக் கொள்ள விடாமல், சகல ஜனங்களுக்கும் உரியதாகக் காத்துத் தருவது சர்க்காரின் கடமை என்று வாதித்தார். உயர்ந்த கொள்கை. ஆயினும் அந்தப் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851இல் மாரிப்போசாப் பட்டாளம் ஆயுதம் கொண்டு விரட்டிய பிறகுதான் அது சகல ஜனங்களுக்கும் உரியதாயிற்று என்பதையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

மற்றொரு பழக்கம் பசிபிக் மகாசமுத்திரத்தைக் கடந்து வந்தது. ஒபாட்டா 1885இல் ஜப்பானின் ஒக்கயாமாப் பிரதேசத்தில் பிறந்து, வடக்கே செண்டாய் நகரில் ஓவியரான தமையனாரின் பராமரிப்பில் வளர்ந்து, ஏழு வயதிலேயே மைத்தூரிகை பிடிக்கக் கற்று, பதினான்காம் வயதில் வீட்டை விட்டு டோக்கியோவுக்கு ஓடி முராட்டா டான்ரியோ என்ற ஆசிரியரிடம் சிட்சை பெற்று, 1903இல் பதினேழு வயது வாலிபராகச் சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கினார். அந்த வருஷத்தைத் தமிழ் வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டுகிறேன். அதே 1903இல்தான், ஒக்ககூரா டென்ஷின் என்னும் ஜப்பானியக் கலாசிந்தனையாளர் அனுப்பிய யோக்கோயாமா டைக்கான், ஹிஷிடா ஷுன்சோ என்னும் இரு ஓவியர்கள் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரின் விருந்தினராக வந்து தங்கினார்கள். டைக்கான் ஈரக் காகிதத்தின் மேல் மெல்லிய வர்ணத்தைப் பரவவிடும் முறையை அருகிருந்து கண்ட அவனீந்திரநாத தாகூர், அதைத் தமதாக்கி, வங்காளக் கலைஞர்களின் கழுவல் முறையாக வளர்த்தார். அவருடைய மாணாக்கரான தேவி பிரசாத் ராய் சௌதுரி, சென்னையில் 1850இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற வைத்தியர் நிறுவிய சித்திரக்கலைப் பள்ளிக்குத் தலைவராக 1929இல் வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அமர்ந்திருந்தார். அவரிடம் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர் முதன்முதல் பெயர் பெற்றதும் தென்னந்தோப்புகளையும் நீர்நிலைகளையும் தீட்டிய நீர்வர்ணச் சித்திரங்களாலேயே. ஆக, ஒரே வருஷத்தில் ஜப்பானியத் தூரிகை கிழக்கே கலிஃபோர்னியாவுக்கும் மேற்கே வங்காளத்துக்குமாக இரண்டு திசையில் புறப்பட்டு, ஒரு கிளை எழும்பூருக்கும் மறு கிளை பெர்க்கிலிக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த உறவை நம்மவர் எழுதிய கலைச் சரித்திரங்களில் நான் கண்டதில்லை, காண விரும்புகிறேன்.

வந்த புதிதில் வீட்டு வேலை செய்து ஜீவனம் நடத்தியும், பின்னர் ஜப்பானியப் பத்திரிகைகளுக்குப் படம் எழுதியும் காலம் கழித்த ஒபாட்டா, 1906இல் பூகம்பமும் தீயும் சான் பிரான்சிஸ்கோ நகரை அழித்தபோது இடிபாடுகளுக்கு நடுவே அமர்ந்து அந்தக் கோலத்தைக் காகிதத்தில் பதிந்தார். வீடிழந்த ஜனங்கள் ஆயிரக்கணக்கில் பூங்காக்களில் கூடாரமடித்துக் கிடந்த நாட்கள் அவை. 1871 முதல் வில்லியம் ஹம்மண்ட் ஹாலும் பின்னர் ஜான் மெக்லாரனும் மணல் மேடுகளைப் பண்படுத்தி உருவாக்கிய, ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட கோல்டன் கேட் பூங்கா அப்போது நகரத்துக்கே தாய்வீடாயிற்று. அப்பூங்காவின் உள்ளே, 1894ஆம் வருஷக் கண்காட்சிக்காக அமைக்கப்பட்ட ஜப்பானியத் தேயிலைத் தோட்டத்தை மக்கோட்டோ ஹாகிவாரா என்பவர் தம் குடும்பத்தோடு அங்கேயே வசித்து, தம் பொருளைச் செலவிட்டு வளர்த்து வந்தார். இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

1927ஆம் வருஷக் கோடையில் ஒபாட்டாவுக்கு வயது நாற்பத்தொன்று. பெர்க்கிலிச் சர்வகலாசாலையில் சித்திரக்கலை போதித்த வொர்த் ரைடர் என்ற நண்பர் அவரை உயர் சியராவுக்கு அழைத்துச் சென்றார். சிற்பியும் ஓவியருமான ராபர்ட் போர்ட்மன் ஹவர்டும் சேர்ந்து கொண்டார். ஏறக்குறைய ஆறு வாரம் அவர்கள் கூடாரத்தில் தங்கி, 8,600 அடி உயரத்திலுள்ள டுவாலமிப் புல்வெளியிலும், அதற்கு மேலுள்ள ஏரிகளிலும், கிழக்கே யோசெமிட்டிப் பூங்காவின் எல்லைக்கப்பால் கிடக்கும் மோனோ ஏரிக்கரையிலும் படமெழுதித் திரிந்தார்கள். ஒபாட்டா மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்ட சித்திரங்களோடு திரும்பினார். இடையிடையே மனைவி ஹருக்கோவுக்குக் கடிதங்களும் எழுதினார்.

இச்சித்திரங்களின் விசேஷத்தை அறிய, அவர் கையாண்ட சாதனங்களைச் சிறிது அறிய வேண்டும். ஆங்கிலேயரின் நீர்வர்ணம் வேலம்பிசினில் குழைத்தது. ஜப்பானியர் மையோ, புகைக்கரியைத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தில் பிசைந்து கட்டியாக உலர்த்தி, வேண்டும்போது நீர் விட்டுக் கல்லில் உரைத்துக் கொள்வது. அவர்களுடைய நீலமும் பச்சையும் தாதுப் பொருள்களைப் பொடித்துச் செய்தவை. இந்த மையைப் பென்சிற்கோடு போல் அழித்தெழுத முடியாது, பதிந்தது பதிந்ததுதான். ஆகையால் ஒரு கோடு போடுவதற்கு முன் நெடுநேரம் வெறுமனே பார்த்திருப்பதும், மையை உரைக்கும் அந்தச் சில நிமிஷங்களிலேயே மனத்தை ஒடுக்கிக் கொள்வதும் அக்கலையின் அங்கங்களாயின. இத்தகைய தூரிகைக்குச் சியரா மலை கடினமான பரீட்சை. சான் பிரான்சிஸ்கோவின் மூடுபனியில் மணிக்கணக்கில் உலராத காகிதம், அந்த உயரத்தின் வறண்ட காற்றில் வர்ணம் பரவுவதற்குள் உலர்ந்து போகும். கருங்கற் பாறைகளின் மேல் விழும் வெயிலோ மத்தியில் எவ்வித மென்மையும் இன்றி ஒளியையும் நிழலையும் கத்தியால் அறுத்தாற்போற் பிரிக்கும். மேலைநாட்டு ஓவியர் பலர் இம்மலைகளின் பிரம்மாண்டத்தைக் கண்டு மிரண்டு, அகலமான திரைகளில் எண்ணெய் வர்ணத்தால் இடி மின்னலோடு அவற்றை அலங்கரித்தார்கள். ஒபாட்டாவோ வெள்ளைக் காகிதத்தைத் தீண்டாமல் விட்டே பனியையும், ஒரே அகன்ற வீச்சினால் ஒரு மலைச்சரிவையும் காட்டிவிட்டு, முன்புறத்தில் காற்றால் முறுகிய ஒரு பைன் மரத்துக்கு அரை நாளைச் செலவிடத் தயங்காதவர். டுவாலமிப் புல்வெளியில் இடிமழைக்கு முன் கருத்துத் தாழ்ந்த ஆகாசத்தை அவர் தீட்டியிருக்கும் விதத்தில், மேகத்தின் அடிப்பகுதி காகிதத்தின் ஈரத்திலேயே கனத்துத் தொங்குகிறது. மலையோ அதன் கீழே பணிவாகக் குறுகியிருக்கிறது. பிரகிருதியைப் பேரியற்கை என்ற பொருள்படும் ஒரு ஜப்பானியச் சொல்லால் அவர் பக்தியோடு குறிப்பிடுவது வழக்கம். அந்தப் பக்தி படத்தில் இருக்கிறது.

மறு வருஷம் ஜப்பானுக்குச் சென்றிருந்த காலத்தில் அவர் டோக்கியோவின் டாகமிசாவா அச்சகத்தாரோடு சேர்ந்து இச்சித்திரங்களைப் பெரும்பாலாகக் கொண்ட 35 படங்களை மரக்கட்டை அச்சில் வெளியிட்டார். நீர்வர்ணத்தில் தூரிகை ஒரு கணத்தில் செய்துவிடும் மெல்லிய வர்ணப் பரவலைக் கட்டையில் கொண்டுவருவதற்கு, 32 செதுக்குவோரும் 40 அச்சிடுவோரும் பதினெட்டு மாத காலம் உழைத்தனர். ஒரே காகிதத்தின் மேல் நூறு தரத்துக்கும் அதிகமாகக் கட்டையை ஒற்றி எடுத்த படங்களும் உண்டு. ஒருவர் வெட்டவெளியில் அரை மணி நேரத்தில் எழுதியதை எழுபது பேர் ஒன்றரை வருஷம் கூடிப் பின்பற்றியதைக் காட்டிலும் அதற்குப் பெரிய மரியாதை வேறென்ன?

1932இல் பெர்க்கிலிச் சர்வகலாசாலை அவரை ஆசிரியராக நியமித்தது. தூரிகையை நேரே நிறுத்திப் பிடிப்பதும், மலரையோ மீனையோ முதலில் பார்த்து உணர்ந்து பின் எழுதுவதும் அவர் வகுப்பில் நூற்றுக்கணக்கான அமெரிக்க இளைஞர்களுக்குப் பழக்கமாயின. நாட்டின் கிழக்குக் கரையில், நியூ ஜெர்ஸியின் ரதர்ஃபோர்டில் பிறந்த ஜான் மரின் நீர்வர்ணத்தை நவீனக் கலையின் முன்னணிக்குக் கொண்டு சென்றதும் இந்தத் தலைமுறையில்தான். ஆனால் அங்கே அது தனி மனிதரின் சாதனையாக நின்றது, பெர்க்கிலியில் பாடமாயிற்று.

1942 பிப்ரவரி 19ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் எண் ஆணை, பசிபிக் கரையோரத்து ஜப்பானிய வம்சத்தார் ஏறத்தாழ 1,20,000 பேரை, அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த பிரஜைகளாயிருந்தும், வீடு வாசலிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்தது. பெர்க்கிலியில் ஒபாட்டாவின் குடும்பத்தார் நடத்திய சித்திரக் கடையின் மேல் முன்னமே துப்பாக்கிக் குண்டு பாய்ந்திருந்தது. தம் படங்களில் பலவற்றைச் சர்வகலாசாலைத் தலைவர் ராபர்ட் கார்டன் ஸ்ப்ரௌலின் பாதுகாப்பில் விட்டுவிட்டு, ஏப்ரல் மாதக் கடைசியில் அவர் சான் புரூனோ நகரின் டான்ஃபோரான் குதிரைப் பந்தய மைதானத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். பந்தயக் குதிரைகள் கட்டிய லாயங்களில், சாணத்தின் மேல் அவசரமாகச் சுண்ணாம்பு பூசிய சுவர்களுக்கிடையே, குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. ஏறக்குறைய 8,000 பேர் அங்கே அடைபட்டிருந்தனர். சுற்றிலும் முள்கம்பி, மூலைகளில் காவற் கோபுரம். புகைப்படக் கருவி வைத்திருப்பது தடுக்கப்பட்டிருந்தமையால், அந்த வாழ்க்கையின் உள்ளிருந்து எழுதப்பட்ட சாட்சியம் பெரும்பாலும் தூரிகையும் பேனாவும் எழுதியதுதான்.

அங்கே வந்து ஒரு மாதம் ஆவதற்குள் ஒபாட்டா ஒரு சித்திரப் பள்ளியைத் திறந்துவிட்டார். ஜார்ஜ் மட்சுசாபுரோ ஹிபி, பின்னாளில் முகாம் வாழ்வைப் படப் புஸ்தகமாக வெளியிட்ட மினே ஒக்குபோ முதலியோரை உள்ளிட்ட பதினாறு ஆசிரியர்கள், வாரத்துக்குத் தொண்ணூறு வகுப்புகள், இருபத்தைந்து பாடங்கள், ஆறு வயதுச் சிறுவர் முதல் எழுபது கடந்த முதியோர் வரை அறுநூறுக்கு மேற்பட்ட மாணாக்கர்கள் என்று அது பெருகிற்று. காகிதமும் வர்ணமும் வெளியிலிருந்த பெர்க்கிலி நண்பர்கள் அனுப்பினார்கள். பந்தயப் பாதையில் உட்கார்ந்து, வேலிக்கு மேலே தெரிந்த குன்றுகளைக் கிழவர்களும் குழந்தைகளும் தீட்டினார்கள். பூங்காவில் அமர்ந்து படமெழுதுவது ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கென்று எண்ணுவோர் இந்தப் பள்ளியை எண்ணிப் பார்க்க வேண்டும்: எல்லாம் பறிபோனவர்கள் கேட்டுப் பெற்ற முதற் பண்டங்களுள் வர்ணப் பெட்டியும் ஒன்று.

அந்தச் செப்டம்பரில் அவர்களெல்லாரும் யூட்டா மாகாணத்தின் பாலைவனத்திலிருந்த டோபாஸ் முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். மரமில்லாத சமவெளி; மாவு போன்ற புழுதி; சூறைக்காற்று. ஒபாட்டா அங்கேயும் பள்ளி தொடங்கினார். அங்கேயும் நிலவையும் தூரத்து மலைகளையும் எழுதினார். டோபாஸின் நிலவொளியைப் பட்டில் தீட்டிய ஒரு சித்திரம் ஜனாதிபதியின் மனைவி எலினர் ரூஸ்வெல்ட் அம்மையாருக்குக் காணிக்கையாகச் சென்றது. 1943 ஏப்ரலில் வேலியருகே நடந்த ஜேம்ஸ் வகாசா என்ற முதியவரைக் காவற்காரன் சுட்டுக் கொன்றதையும் அதே தூரிகை கறுப்பு மையில் பதிந்திருக்கிறது. அழகை மட்டுமே பார்த்த கண் அல்ல அது. அந்த வசந்தத்திலேயே முகாமுக்குள் ஓர் இரவு எவனோ அவரைத் தாக்கிக் காயப்படுத்தவே, ஆஸ்பத்திரியிலிருந்து விடுவிக்கப்பட்டுச் செயின்ட் லூயிஸ் சென்று, சண்டை முடிந்த 1945இல் பெர்க்கிலியின் ஆசிரியப் பதவிக்கே திரும்பினார்.

கோல்டன் கேட் பூங்காவின் ஹாகிவாராக் குடும்பத்துக்கு அந்தப் பாக்கியமும் கிட்டவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அத்தோட்டத்தை வளர்த்தவர்கள் 1942இல் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வாழ்ந்த வீடு இடிக்கப்பட்டது. தோட்டத்தின் பெயரிலிருந்து ‘ஜப்பானிய’ என்ற அடைமொழியும் நீக்கப்பட்டு, 1952இல்தான் திரும்பச் சேர்க்கப்பட்டது. பொதுப் பூங்கா என்ற சொல்லின் பொருள் யாராருக்கு எத்தனை காலம் செல்லும் என்பதை நகர சபையொன்று ஒரு பெயர்ப்பலகையில் தீர்மானித்துவிட முடிந்தது என்பது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

இவ்வளவும் வேற்றுநாட்டார் கதை என்று தமிழர் ஒதுக்கிவிடலாகாது. அமெரிக்கப் பட்டாளத்தில் சேவை செய்த பகத் சிங் தின்ட் என்பவரின் வழக்கில் 1923இல் உச்ச நீதிமன்றம், இந்தியரும் பிரஜையாவதற்கு அருகதையற்றவர்களே என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதன் பயனாக, முன்னர் கொடுத்த பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, கடையையும் இழந்த சான் பிரான்சிஸ்கோ வர்த்தகர் வைஷ்ணோ தாஸ் பகாய் 1928இல் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். ஒபாட்டாவின் யோசெமிட்டிப் பயணத்துக்கு மறு வருஷம் அது. இந்தியர்களுக்கு அந்தக் கதவு 1946இலும், ஜப்பானியருக்கு 1952இலும் திறந்தன. அதே 1952இல் கலிஃபோர்னிய நீதிமன்றம் நிலச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. ஒபாட்டா 1954இல், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற அதே வருஷத்தில், அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த தேசத்தின் பிரஜையானார். பிறகு 1975இல் எண்பத்தொன்பதாம் வயதில் காலமாகும் வரையில் அவர் எழுதுவதை விட்டாரில்லை. அமெரிக்கர்களைக் குழு குழுவாக ஜப்பானுக்கு அழைத்துச் சென்று அங்குள்ள தோட்டங்களையும் கோயில்களையும் பல ஆண்டுகள் காட்டி வந்தார். ஒருகாலத்தில் நம்மவருக்கும் கதவடைத்திருந்த அந்தத் தேசத்தில், 1965ஆம் வருஷக் குடியேற்றச் சட்டத்தின் பின் வந்திறங்கிய நம்மவர் குடும்பங்கள் இப்போது விரிகுடாப் பிரதேசத்து ஃபிரீமாண்டின் எலிசபெத் ஏரிக்கரையில் மாலை நேரங்களில் காலாற நடக்கின்றன.

ஒபாட்டாவின் சித்திரங்களைக் காண விரும்புவோர்க்கு, அவருடைய அச்சுப் பிரதிகள் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடத்தில் உள்ளன. அவர் நின்று எழுதிய இடங்களையே பார்க்க விரும்புவோர் கோடையில் செல்ல வேண்டும். டுவாலமிப் புல்வெளிக்கு ஏறும் டையோகாச் சாலை பனிக்காலம் முழுதும் மூடிக் கிடந்து, பெரும்பாலும் மே மாதக் கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் ஒரு வர்ணப் பெட்டியையும், சற்றுக் கனமான காகிதத்தையும், வேண்டிய அளவு தண்ணீரையும் எடுத்துப் போகலாம். காகிதம் விரைவில் உலர்ந்துவிடுமாகையால் முதல் வர்ணத்தைப் பூசுமுன் அதை நன்றாக நனைத்துக் கொள்ளட்டும். கோடை நடுவில் பல நாட்களிலும் பிற்பகலில் மலைக்குமேல் மேகம் திரளும்; 1927இல் அவர் தீட்டியது அந்த மேகத்தைத்தான்.